.338 லாப்புவாவும் மூன்று மஸில் பிரேக்கும்: மூன்றரை வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது சிங்கப்பூர் ஈசூனில், ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில். .338 லாப்புவா மேக்னம் என்ற பெரிய தோட்டாவைச் சுடும் அந்தத் தூரச் சுடுகைத் துப்பாக்கி இருப்பது நியூசிலாந்தின் கேன்டர்பரியில், என் மச்சினன் வீட்டு இரும்புப் பெட்டியில். உரிமம், பதிவு எல்லாம் அவன் பெயரில். அவன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள, நான் சுடுவேன். அதன் திருகாணி ஒன்றைக்கூட நான் இந்தப் பக்கம் கொண்டுவருவதில்லை. இங்குள்ள சட்டம் தெரிந்த யாரும் அந்த விளையாட்டுக்குப் போகமாட்டார்கள்.

மூன்றரை வருடம், ஆறு பயணம், இருவருமாகச் சேர்த்துச் சுட்டது 450 தோட்டா இருக்கும். இந்தக் கணக்கை வைத்துத்தான் பேசுகிறேன்.

என்எஸ்-இல் (கட்டாய தேசிய சேவையில்) எஸ்ஏஆர் 21 ராணுவத் துப்பாக்கி பிடித்தவன்தான் நான். பாசிர் லாபா பயிற்சித் திடலில் குறி பார்த்துச் சுட்டு நல்ல பெயரும் வாங்கியிருக்கிறேன். அதன் 5.56 மில்லிமீட்டர் தோட்டா உதைப்பது தோளைத் தட்டிக்கொடுப்பது போலத்தான் இருக்கும். அந்த நினைப்பிலேயே .338 லாப்புவா மேக்னத்தை மஸில் பிரேக் (உதையைக் குறைக்கக் குழல் முனையில் திருகும் துளையிட்ட உலோகத் துண்டு) இல்லாமல் குப்புறப் படுத்துச் சுட்டேன். மூன்றாவது தோட்டாவிலேயே விசையை அழுத்தும் முன் கண்ணை மூட ஆரம்பித்துவிட்டேன். "அத்தான், நீங்க சுடல, பயப்படுறீங்க" என்றான் மச்சினன். உண்மைதான்.

பிரேக் என்ன செய்கிறது என்பதற்குக் கொஞ்சம் கணக்கு. 250 கிரெய்ன் தோட்டாவின் எடை 16.2 கிராம். வினாடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் போகிறது. அதற்குப் பின்னால் ஏறத்தாழ 6 கிராம் வெடிமருந்து எரிந்து, வாயுவாகி, தோட்டாவைவிட வேகமாகக் குழல் வாயிலிருந்து பீறிடுகிறது. நம் தோளில் விழும் உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவால் வருவது. தோட்டாவின் பங்கைக் குறைக்க வழியே இல்லை. வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம், கொஞ்சம் பின்பக்கமாகவும் தள்ளலாம். பிரேக்கின் வேலை அவ்வளவுதான். ஆனால் உதையின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் உந்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடும். பெட்டியின் மேல் "50% குறைப்பு" என்று போட்டிருந்தால் எதன் 50% என்று கேளுங்கள்.

முதலில் வாங்கியது சுற்றிலும் துளை போட்ட உருளை. மலிவு, பார்க்கவும் அழகு. உதை நன்றாகவே குறைந்தது. ஆனால் கீழ்ப்பக்கத் துளைகளிலிருந்து வந்த வாயு, காய்ந்த மேய்ச்சல் நிலத்தில் மண்ணையும் புல்லையும் வாரி முகத்தில் அடித்தது. ஸ்கோப்பில் பார்த்தால் ஒரே புழுதி. 800 மீட்டர் போக இந்தத் தோட்டாவுக்கு ஒரு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அந்த ஒரு வினாடியில் நம் கண் இலக்கில் இருந்தால் எங்கே பட்டது என்று நாமே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். புழுதிக்குள் உட்கார்ந்துகொண்டு "எங்கடா பட்டுச்சு?" என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்பதற்கா இவ்வளவு செலவு? மேசையில் வைத்து மட்டும் சுடுபவருக்கு அந்த உருளை போதும். படுத்துச் சுடுபவர் கீழே துளை உள்ளதைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவதில் பக்கத்துக்கு மூன்று பெரிய திறப்பு, மேலே இரண்டு சிறு துளை, அடிப்பக்கம் மூடியது. சரியான தேர்வுதான், பொருத்தியதுதான் சொதப்பல். உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்தோம். நசுங்கும் வாஷர் (முறுக்கும்போது நசுங்கி இறுகும் வளையம்) போட்டு முறுக்கி அனுப்பிவிட்டார்கள். மட்டம் வைத்துப் பார்த்தபோது பிரேக் வலப்பக்கம் பத்து பாகை சாய்ந்திருந்தது. மேல்துளையின் வாயு வலது மேலாகப் போனதால், ஒவ்வொரு முறையும் குழல் முனை இடது கீழாக நழுவியது. வலப்பக்கத் திறப்பு தரையைப் பார்த்ததால் பழைய புழுதியும் திரும்ப வந்தது. நான் என் தோளைத்தான் குறை சொல்லிக்கொண்டு ஒரு முழு நாளை வீணடித்தேன். நசுங்கும் வாஷர் முறுக்கும்போது ஒரே சீராக நசுங்குவதில்லை, குழல் முனையைச் சற்றே கோணலாகவும் தள்ளும். தூரச் சுடுகைத் துப்பாக்கிக்கு அது ஆகாது.

மூன்றாவதுதான் இன்றும் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு, பக்கத் திறப்பு மட்டும், பின்னால் தனியாக ஒரு பூட்டு நட். பிரேக்கைக் கையால் திருகி, மட்டம் பார்த்து, நட்டை இறுக்கினால் முடிந்தது. வாங்கும்போது பார்த்தது இரண்டு விஷயம். ஒன்று மரை, அதாவது திருகு வரி. எங்கள் குழலில் எம்18க்கு 1 (18 மில்லிமீட்டர் விட்டம், வரிக்கு வரி 1 மில்லிமீட்டர்). இந்தப் பெரிய காலிபரில் 5/8 அங்குல மரை போட்டால் குழல் சுவர் மெலிந்துவிடும். இன்னொன்று உள் துளை. தோட்டா 8.6 மில்லிமீட்டர், துளை அதைவிட அரை மில்லிமீட்டர் போலப் பெரிதாக இருந்தால் போதும். அதிகமானால் வாயு முன்னாலேயே ஓடிவிடும். குறைந்தாலோ, மரை கோணலாக இருந்தாலோ தோட்டா உரசும். அந்த ஆபத்து வேண்டாம்.

இப்போது சுட்டால் இலக்கு ஸ்கோப்பை விட்டுப் போவதில்லை. பின்னால் மலையில் மண் தெறிப்பது வரை எனக்கே தெரிகிறது. எனக்கு இது ஒன்றுக்காகவே பிரேக் வேண்டும்.

குறை? சத்தம்தான், வேறென்ன. இந்த வகைத் துப்பாக்கி 160 டெசிபலைத் தாண்டும். காது கெட 140 போதும். பிரேக் அந்தச் சத்தத்தை நம் பக்கமே திருப்பிவிடுகிறது. பஞ்சு அடைப்பானும் அதன் மேல் காதுமூடியும் இரண்டுமே கட்டாயம். அப்படியும் வாயு அலை மூக்கின் மேல் எலும்பில் இடிக்கும். இருபது தோட்டாவுக்கு மேல் போனால் எனக்குத் தலைவலி நிச்சயம். பக்கத்தில் படுத்திருப்பவர் நிலை இன்னும் மோசம். தவறி நேர் பக்கத்தில் நின்ற மச்சினனின் மனைவி அன்றைக்கு எங்கள் இருவருக்கும் சாப்பாடு போடவில்லை.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. பயண முடிவில் கழற்றி, கரியை ஊறவைத்துத் துலக்கி, மரையில் காப்பர் கிரீஸ் தடவி, குழலிலும் பிரேக்கிலும் போட்ட வெள்ளைக் கோட்டைச் சேர்த்து முறுக்குகிறோம். கழற்றிவிட்டுச் சுட்டால் தோட்டா விழும் இடம் மாறும், மறக்காதீர்கள்.

நியூசிலாந்தில் சப்ரெஸர் (குழல் முனையில் மாட்டும் சத்தக் குறைப்பான்) சாதாரணமாகக் கடையில் கிடைக்கும். மச்சினன் இப்போது அதன் பக்கம் சாய்ந்துவிட்டான். சத்தம் குறையும், உதையும் ஓரளவு குறையும், ஆனால் துப்பாக்கி நீண்டு முன்பாரம் ஆகிறது. "அத்தான், நீங்க போனப்புறம் நான் அதைத்தான் மாட்டுறேன்" என்கிறான். சரி, அவன் துப்பாக்கி, அவன் காது. எனக்கு மார்ச்சில் டிக்கெட். இங்கே முஸ்தபா கடையில் காது அடைப்பான் இரண்டு பெட்டி வாங்கி வைத்துவிட்டேன், ஒன்று அவன் மனைவிக்கு.