பழைய தொட்டியில் ஒரு பினாங்கு ஓடை: ஒரு வருடம் தாண்டிய அனுபவம்

மலேசியாவின் பினாங்குத் தீவில், பினாங்குக் குன்றின் ஓடைகளில் பெட்டா புக்னாக்ஸ் என்றொரு மீன் உண்டு. விலங்கியலாளர் தியோடர் கேன்டர் 1849இல் இதை விவரித்து எழுதியதே பினாங்கில் கிடைத்த மீன்களை வைத்துத்தான். இந்தத் தீவின் ஓடைகளிலேயே வாழும் மீன் நம் வீடுகளில் இல்லையே என்ற ஆதங்கத்தில் தொடங்கிய தொட்டி இது. ஒரு வருடம் தாண்டியும் நன்றாக ஓடுவதால் தைரியமாக எழுதுகிறேன்.

தொட்டி, வீடு மாறிய உறவினர் கொடுத்தது. நீளம் 60 செ.மீ., அகலமும் உயரமும் 30. பழைய தொட்டி என்றால் முதலில் மூலைகளில் இருக்கும் சிலிகானைப் பாருங்கள். நகம் பட்டதும் உரிந்தால் முழுவதும் சுரண்டிவிட்டு, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானைப் பூச வேண்டும். உப்புக் கறைக்கு வினிகர் போதும். சோப்பு வேண்டவே வேண்டாம். தண்ணீர் மட்டுமே சுமார் 50 கிலோ வரும், மேசை தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஆற்று மணல், ஒரு வேர்க்கட்டை, நாலைந்து கருங்கல். பினாங்குக் குன்றே கருங்கல் குன்றுதான். அழகாக இருக்கிறதென்று ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லைப் போட்டால் தண்ணீர் கடினமாகி காரத்தன்மை (pH) ஏறிவிடும். இந்த மீனுக்கு ஆகாது.

தொட்டியின் உயிர் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலைதான். மருந்து அடிக்காத இடத்தில் தானாக உதிர்ந்து, பழுப்பாகக் காய்ந்ததை மட்டும் கழுவிப் போடுகிறேன். இரண்டு மூன்று நாள் மிதக்கும், பிறகு அடியில் படியும். தண்ணீர் மெல்ல தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வரும். நாளாக நாளாக இலைமேல் வழவழப்பான படலம் படர்ந்து, சதை கரைந்து, கடைசியில் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். அந்தப் படலத்தில்தான் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகுகின்றன. குஞ்சுகள் நாள் முழுக்க அதைக் கொத்தித் திரிகின்றன. கண்ணாடி மாதிரி தண்ணீர் வேண்டுமென்பவர்களுக்கு இந்தத் தொட்டி சரிப்படாது.

ஒரு ஜோடி மட்டும் வைத்திருக்கிறேன். முட்டைகளை வாயில் அடைகாப்பது அப்பா மீன்தான்! மோவாய் புடைத்து, இலைக்கடியில் அசையாமல் நிற்கும். மீன் தீனியான ரத்தப்புழுவைப் பக்கத்தில் போட்டாலும் திரும்பிப் பார்க்காது. அந்த நாட்களில் தொட்டிக்குள் கையே விடுவதில்லை.

ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்றுகிறேன், குழாய்த் தண்ணீரில் குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் கலந்து. ஹீட்டர் தேவையில்லை, நம் ஊரில் சூடுதான் பிரச்சினை. குன்று ஓடை ஃபிளாட்டைவிடக் குளிர்ச்சி. அதனால் ஜன்னல் வெயில் படாத இடத்தில் வைத்து, மதியம் நீர்ப்பரப்பில் காற்று படும்படி சின்ன மின்விசிறி போடுகிறேன். இந்த மீன் துள்ளும், ஆகவே மேலே வலை மூடி கட்டாயம்.

மீனைக் குன்றிலிருந்து பிடித்து வராதீர்கள். அந்தக் காடு 2021 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். தொட்டியில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். குஞ்சுகள் பெருகினாலும் ஓடையில் விட வேண்டாம், தொட்டி நோய் காட்டு மீனுக்குத் தொற்றும். என்னிடம் வளர்ந்தவற்றை வளர்க்கத் தெரிந்த நண்பர்களுக்கே கொடுக்கிறேன்.