போர் தண்ணீர் உப்பா? சாஃப்ட்னர், ஆர்.ஓ., தனி லைன்: எது யாருக்கு?

சேலத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்களும் குடிவருகிறவர்களும் தவறாமல் கேட்கும் கேள்வி: "சாஃப்ட்னர் போடணுமா, ஆர்.ஓ. மட்டும் போதுமா?" கடையில் கேட்டால் இரண்டையும் போடச் சொல்வார்கள். சாஃப்ட்னர் முழு வீட்டுத் தண்ணீரையும் மென்மையாக்குவது, ஆர்.ஓ. குடிக்கிற தண்ணீரை வடிகட்டுவது. என்னைக் கேட்டால், நல்ல தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனி பைப் லைன் போட முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள், மெஷின் பிறகு.

நம் ஊருக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவே இருப்பது வெள்ளைக்கல் பூமி. மாமாங்கம், கருப்பூர் பக்கம் வெட்டி எடுக்கிற அந்த வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், முழுக்க மக்னீசியம் கார்பனேட். மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறையில் இருக்கிற மக்னீசியத்தையும் கால்சியத்தையும் அது கரைத்துக்கொண்டு வந்து நம் போரில் நிற்கிறது. அந்தத் தண்ணீரில் போட்ட ஹீட்டர் ராடை எடுத்துப் பாருங்கள். கம்பியே தெரியாமல் வெள்ளையாகப் படிந்திருக்கும். கத்தியால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயரும். கீசருக்குள்ளும் இதேதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, கரண்ட் பில்லில்தான் தெரியும். பருப்பு வேக நேரமாவதும், சோப்பு நுரைக்காமல் பிசுபிசுவென்று திரிவதும் இதனால்தான்.

எதையும் வாங்குமுன் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். அறிக்கையில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரியைப் பாருங்கள், கரைந்திருக்கிற கால்சியம், மக்னீசியத்தின் அளவு அதுதான். இந்தியக் குடிநீர் தர அளவுப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். டி.டி.எஸ். மீட்டர் இதைக் காட்டாது. அது தண்ணீரில் கரைந்திருக்கிற எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டுகிற எண். இன்னொன்று: வீட்டுக்கு வந்து இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு, கரண்ட் கொடுத்து, பழுப்புக் கசடு வருவதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். அந்தப் பழுப்பு, கம்பியின் இரும்பு கரைந்து வருவது.

இனி ஒப்பீடு. ஆர்.ஓ. குடிக்கிற தண்ணீருக்கான மெஷின். கடினத்தன்மையை நன்றாகவே குறைக்கும், ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளிவிடும். குழாய், கீசர், வாஷிங் மெஷின் எதற்கும் அதனால் பயனில்லை. உப்பு அதிகமான போர் தண்ணீரை நேராக விட்டால் உள்ளே வடிகட்டுகிற மெம்பிரேன் சவ்வும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மாநகராட்சிக் குழாயில் மேட்டூர் தண்ணீர் வருகிற வீட்டில் டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருந்தால், கிருமியைக் கொல்ல யு.வி. (புற ஊதாக் கதிர்) ஃபில்டரே போதும்.

சாஃப்ட்னர் முழு வீட்டுக்குமானது. உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அதனால் டி.டி.எஸ். மீட்டரில் எண் குறையவே குறையாது. இதைப் பார்த்துவிட்டு மெஷின் வேலை செய்யவில்லை என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் கடினத்தன்மையைத் தாங்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள டேங்க், கடினத்தன்மை 500 உள்ள தண்ணீரை 2,500 லிட்டர் வரை மாற்றித்தரும். நாலு பேர் வீட்டுக்கு அது நாலைந்து நாள். அப்புறம் மூன்று நாலு கிலோ உப்பைக் கரைத்து ஓட்டி ரெசினைக் கழுவ வேண்டும். அந்த உப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்பதை விற்பவர் சொல்வதில்லை. தென்னை மரத்தடியில் விட்டால் மரம் வாடும். மழைநீர் சேகரிப்புக் குழியில் விட்டால் திரும்ப உங்கள் போருக்கே வந்து சேரும். சோடியத்தைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னவர்கள் வீட்டில் இந்தத் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

இந்த இரண்டையும் விட நான் முன்னால் வைப்பது தனி லைன். இங்கே எத்தனையோ வீட்டில் மேட்டூர் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் விட்டுக் கலக்கிவிடுகிறார்கள். கடினத்தன்மை 100 உள்ள தண்ணீரோடு 700 உள்ளது சரிபாதி கலந்தால் 400 ஆகிவிடும். காசு கட்டி வாங்கிய நல்ல தண்ணீர் வீணாகிறது என்பது எனக்குப் பொறுக்காத விஷயம். மாடியில் இரண்டு டேங்க் வையுங்கள். மேட்டூர் தண்ணீர் சமையலறைக்கும் கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும். போர் தண்ணீர் கக்கூஸுக்கும் வாசலுக்கும் வண்டி கழுவவும். சம்ப் மட்டும் பெரிதாக வேண்டும், தண்ணீர் விடுகிற நாள் ஏரியாவுக்கு ஏரியா மாறுகிறதே. மழைத்தண்ணீரையும் இந்த நல்ல தண்ணீர் டேங்க்கோடு சேர்த்துவிடலாம். 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான், ஆனால் பெரும்பாலும் குழிக்குள் விடுவதோடு சரி. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தை வலை ஃபில்டர் வழியாகப் பிடித்தால் துணிக்கும் குளிக்கவும் இதைவிட மென்மையான தண்ணீர் கிடைக்காது.

மாநகராட்சி இணைப்பே இல்லாத, போரை மட்டும் நம்பியிருக்கிற வீடு என்றால் சாஃப்ட்னர்தான் வழி, தயங்க வேண்டாம். அப்போதும் கக்கூஸ், வாசல் லைனை அதில் சேர்க்காதீர்கள். உப்புச் செலவு குறையும். குழாயில் மாட்டுகிற காந்தக் கருவிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாட்டியபின் பரிசோதித்தாலும் கடினத்தன்மை அதே எண்தான்.

வாடகை வீட்டில் பைப்பை மாற்ற முடியாது. அவர்களுக்கு சிட்ரிக் ஆசிட் போதும், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மூன்று ஸ்பூன் கரைத்து ஷவர் தலை, கெட்டில், ராட் எல்லாவற்றையும் ஊறவைத்துக் கழுவுங்கள். கெட்டிலும் ராடும் பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு. பாத்ரூம் ஆசிட்டைக் குழாயில் ஊற்றாதீர்கள், பளபளப்புப் பூச்சு போய்விடும். துணிக்குக் கட்டி சோப்பைவிட டிடர்ஜென்ட் பவுடர் நல்லது, தலைக்குச் சீயக்காய் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். சமையலுக்கு மட்டும் தெருக்குழாயில் மேட்டூர் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.