கொத்தமல்லி அழுகாமல் இருக்க: மும்பைச் சமையலறையில் ஒரு வருடப் பயன்பாடு

தழை வைப்பதற்கென்றே விற்கும், அடியில் சல்லடைத் தட்டு வைத்த பிளாஸ்டிக் டப்பா. உயரமான கண்ணாடி ஜாடி. ஜிப் பை. வீட்டிலிருந்த பழைய எவர்சில்வர் டப்பா. நான்கையும் வெயில், மழை, குளிர் என்று வருடம் முழுக்க மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று. டப்பாவின் விலைக்கும் கொத்தமல்லியின் ஆயுளுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. உள்ளே போகும்போது இலை எவ்வளவு காய்ந்திருந்தது என்பதே கணக்கு.

மும்பையில் அதுதான் கஷ்டம். நாசிக், புனே பக்கமிருந்து வாஷி சந்தைக்கு வந்து, அங்கிருந்து மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ வரும் ஜுடி (கொத்தமல்லிக் கட்டு) நம் கைக்கு வரும்போதே சொட்டச் சொட்ட இருக்கும். வாடாமலிருக்க பாஜிவாலா (காய்கறிக்காரர்) தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானமும் தெளிக்கும். அந்தக் கட்டை அவிழ்க்காமல் பையோடு ஃபிரிட்ஜில் தள்ளினால் மூன்றாம் நாள் நடுவிலுள்ள இலைகள் வழவழவென்று கூழாகிவிடும். இலைமேல் நிற்கும் தண்ணீரில் அழுகல் பாக்டீரியா பெருகுவதன் விளைவு இது.

வாங்கி வந்ததும் கழுவ வேண்டாம். கட்டைப் பிரித்து, மஞ்சள் இலை, நசுங்கிய தண்டு எல்லாவற்றையும் ஆய்ந்து எறியுங்கள். மண்ணோடு இருக்கும் வேரை நறுக்கிவிட்டு, பருத்தித் துணியில் பரப்பி ஃபேன் காற்றில் விடுங்கள். குளிர்காலத்தில் அரைமணி போதும். ஜூலையில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். நடுவில் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். இலை தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது, ஆனால் துவளவும் கூடாது. அந்தப் பதம் இரண்டு மூன்று முறையில் கைக்குப் பிடிபட்டுவிடும்.

பிறகு டப்பாவில் துணி விரித்து, தழையை அமுக்காமல் போட்டு, மேலேயும் ஒரு துணி. மேல்துணியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூடியின் உட்புறம் கோக்கும் நீர்த்துளி நேராக இலையில்தான் சொட்டும். எவர்சில்வர் மூடியில் இது இன்னும் அதிகம். டிஷ்யூ பேப்பரும் ஆகும், ஆனால் நனைந்த டிஷ்யூவை மாற்றாவிட்டால் அதுவே ஈர மூட்டை. பழைய வேட்டித் துணிதான் சிறந்தது: உறிஞ்சும், துவைத்து மறுபடி போடலாம். மூன்று நாளுக்கொருமுறை துணியை மாற்றி, கெட்ட இலையைப் பொறுக்கிவிட்டால் சல்லடை டப்பாவில் இரண்டு வாரம், எவர்சில்வரில் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்கிறது. இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்காகப் புதிய டப்பா வாங்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். ஜிப் பை ஒரு வாரத்தைத் தாண்டவில்லை.

ஒரே பெரிய டப்பாவில் போட்டு நாளுக்கு நாலு தடவை திறப்பதும் தவறு. ஒவ்வொரு முறையும் வெளியிலுள்ள ஈரக்காற்று உள்ளே போய்க் குளிர்ந்து தண்ணீராகிறது. அன்றாடத்துக்கு ஒரு சின்ன டப்பா, மீதி தனியாக.

ஜாடி முறைக்கு வேரை முழுதும் வெட்டாமல், அதன் நுனியை மட்டும் அரை அங்குலம் நறுக்கி, இரண்டு விரற்கடைத் தண்ணீரில் நிறுத்தி, மேலே பையைத் தளர்வாகக் கவிழ்க்க வேண்டும். தண்ணீரில் ஓர் இலைகூட மூழ்கக்கூடாது. இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றினால் பத்து நாள் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஃபிரிட்ஜில் உயரமான தட்டு வேண்டும். கதவில் வைத்தால் கவிழ்வது நிச்சயம்.

எங்கே வைக்கிறோம் என்பதையும் பாருங்கள். குளிர்காற்று வரும் துளையை ஒட்டி வைத்தால் இலை உறைந்து கண்ணாடிபோல் ஆகி, பிறகு கறுக்கும். பழுத்த மாம்பழம், ஆப்பிள், தக்காளி பக்கத்தில் இருந்தால் அவை விடும் எத்திலீன் வாயுவால் தழை சீக்கிரம் மஞ்சளாகும். வாடியதை ஐஸ் தண்ணீரில் கால்மணி நிறுத்தி மீட்கலாம். மஞ்சளானது திரும்பாது.

புதினாவுக்கும் இதே வழிதான், ஆனால் சீக்கிரம் கறுக்கும். நிறைய இருந்தால் எலுமிச்சை பிழிந்து அரைத்து ஐஸ் டிரேயில் உறையவிடுவது புத்திசாலித்தனம். துளசி வகைகளை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, குளிரிலேயே கறுத்துவிடும். வெளியே தண்ணீரில் நிறுத்துங்கள்.

கறிவேப்பிலையை மட்டும் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, உருவி ஃப்ரீஸரில் வைக்கலாம். மாதக்கணக்கில் இருக்கும், மணம் சற்றே குறையும். தாளிக்கும்போது உறைந்தபடியே எண்ணெயில் போடுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று. வெளியே எடுத்து இளக விட்டால் கறுத்துச் சுருண்டுவிடும்.