காலா கோடா பக்கம் ‘அஜ்ரக்’ வாங்குபவர்கள் கையில் டேப் இருக்கட்டும்

மும்பையில் பிப்ரவரி வாக்கில் காலா கோடா கலைவிழா நடக்கும்போது ராம்பார்ட் ரோவில் கைவினைக் கடைகள் நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தை நம்பி, விழா எல்லைக்கு வெளியே நடைபாதையிலும் துணி விரித்து விற்கிறார்கள். அஜ்ரக் என்பது குஜராத்தின் கட்ச் பகுதியில் மரக்கட்டையால் கையச்சு போட்டு, இயற்கைச் சாயம் ஏற்றும் துணி. அப்படி விற்ற ஒருவரிடம் ‘கட்ச் அஜ்ரக், கையச்சு, இயற்கைச் சாயம்’ என்ற பேச்சை நம்பி 1,800 ரூபாய் கொடுத்து வாங்கிய இரண்டரை மீட்டர் துப்பட்டா, அப்பட்டமான மெஷின் பிரின்ட். இரண்டு சலவையில் மடிப்பெல்லாம் வெளுத்துவிட்டது. பில் தரவில்லை. மறுநாள் அந்த இடத்தில் ஆளும் இல்லை.

துப்பட்டாவைத் தரையில் விரித்து அளந்ததும் விஷயம் புரிந்தது. முனையிலிருந்து 11 செ.மீ.யில் ஒரு பூவின் இதழோரக் கோடு மயிரளவு அறுந்திருக்கிறது. அதே இதழில் அதே அறுப்பு 75, 139, 203 செ.மீ.யிலும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இடைவெளி 64. ரோட்டரி ஸ்க்ரீன், அதாவது நுண்துளைகள் வழியே சாயத்தைத் துணியில் இறக்கிச் சுழலும் மெஷின் உருளையின் வழக்கமான சுற்றளவு அதுதான். உருளையில் ஒரு துளை அடைத்துக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குறை துணியில் விழுந்துகொண்டே போகும்.

கையச்சில் குறை இப்படி அளவு பிசகாமல் ஒரே இடைவெளியில் திரும்பாது. மரக்கட்டையை ஒவ்வொரு முறையும் கையால் வைத்துத் தட்டுவதால், இரண்டு அச்சு சேரும் இடம் ஓரிடத்தில் லேசாக ஏறி அழுத்தமாகவும், இன்னோரிடத்தில் நூலளவு விலகியும் இருக்கும். ஆனால், வேண்டுமென்றே கோணலாக வரைந்த டிசைனையும் மெஷினில் அடிக்கிறார்கள். அதனால் கோணலைப் பார்த்து மயங்காமல், அந்தக் கோணல் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பின்பக்கம். அஜ்ரக்கில் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, வெள்ளையாக நிற்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்பும் கோந்தும் கலந்த பசையை அச்சடித்து, பழைய இரும்பும் வெல்லமும் நாள்கணக்கில் புளித்த நீரால் கறுப்பை ஏற்றி, பிறகு முழுத்துணியையும் அவுரித் தொட்டியில் முக்குவார்கள். முக்கி எடுப்பதால் நீலம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்கும். நடுநடுவே அலசி, காயவைத்து, சிவப்புக்காகக் கொதிக்கவைத்து வாரக்கணக்கில் இழுக்கும் வேலை இது. அந்த உழைப்பின் கூலியைத்தான் இந்தப் போலி தின்கிறது. மேற்சொன்ன துப்பட்டாவின் பின்பக்கம் சாம்பல் பூத்த வெள்ளை. முன்பக்கத்தை நகத்தால் சுரண்டினால் வெள்ளை நூல் தெரிகிறது. பிக்மென்ட் என்ற வண்ணப்பொடிக் கலவை நூலுக்குள் இறங்காமல் மேலே படலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சரியாகச் சூடேற்றிப் பதப்படுத்தவும் இல்லை.

ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். நல்ல அவுரியும் தொடக்கத்தில் கொஞ்சம் நீலம் விடும். சிவப்பும் கறுப்பும் தாராளமாக ஒட்டினால் சந்தேகப்படுங்கள். கட்டையால் அச்சடித்து ரசாயனச் சாயம் போட்ட துணியும் உண்டு. அப்படிச் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றால் அதில் தவறே இல்லை.

இதே கடைகளில், காஷ்மீர் ஆட்டின் மென்முடியில் நெய்த பஷ்மினா என்று சொல்லி மோதிரத்துக்குள் சால்வையை இழுத்துக் காட்டுவார்கள். மரக்கூழிலிருந்து செய்யும் மெல்லிய விஸ்கோஸ் துணியும் மோதிரத்தில் நுழையும். ஓர இழை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி வகை, காகிதம் எரிவதுபோல் இருந்தால் விஸ்கோஸ், உருகி உருண்டையானால் பாலியஸ்டர். கம்பளி என்று தெரிந்தாலும் அது பஷ்மினாதான் என்று ஆகிவிடாது.

பணம் கொடுக்குமுன் பில் கேளுங்கள். அதில் ‘கையச்சு, இயற்கைச் சாயம், பருத்தி’ என்று விற்பவர் கைப்பட எழுதியிருக்கவேண்டும். பணம் செலுத்த QR குறியீட்டை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் பில்லில் உள்ள பெயர்தானா என்று பாருங்கள். கைவினைஞர் என்று சொல்பவரிடம் மத்திய அரசு தரும் ‘பெஹ்சான்’ என்ற கைவினைஞர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்கலாம். அசல் ஆட்கள் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுவார்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகைக்குப் பயப்படவேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், திருப்பித்தரும் கெடுவைப் பில்லில் குறிப்பிடாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். வழக்கென்று போனால் மும்பைக்கு அலையவேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். துவைக்கும் முன்பே துணியை விரித்து, டேப்பை மேலே வைத்து, திரும்ப வரும் குறை ஒவ்வொன்றையும் எண் தெரியப் படமெடுங்கள். பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.