அழுக்குக் கூடை: ஞாயிறு வரை சேர்ப்பதா, நடுவில் ஒரு முறை போடுவதா?

இந்த வருடம் பள்ளி திறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வாரம் இரண்டு தடவை துவைக்கிறோம்: புதன் இரவு, சனி காலை. அதற்கு முன்பு எல்லாமே ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டையும் பார்த்தாகிவிட்டது, இப்போது நான் புதன், சனி கட்சி.

ஞாயிறு முறைக்கான நியாயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. டிரம் நிறையும், தண்ணீரும் சோப்புத் தூளும் மிச்சம், வார நாட்களில் கொடியைப் பற்றி யோசிக்க வேண்டாம். கரண்ட் ஒரு விஷயமே இல்லை. தண்ணீரைச் சூடாக்காத டாப் லோடு மெஷின் ஒரு தடவை ஓட அரை யூனிட்கூட ஆகாது. ஏசி ஓடுகிற வீட்டு பில்லில் அது கண்ணிலேயே படாது.

யாரும் கணக்குப் போடாத ஒன்று, பீரோவில் எத்தனை செட் துணி இருக்க வேண்டும் என்பது. அழுக்கைத் தள்ளிப்போட வேண்டுமானால் அதுவரை உடுத்த மாற்றுத் துணி வேண்டுமே! பள்ளிச் சீருடையை எடுத்துக்கொள்வோம். ஐந்து நாளுக்கு ஐந்து செட். ஞாயிறு துவைத்தால் காய்ந்து மடிப்பதற்குள் மாலை ஆகிவிடும். இஸ்திரி வண்டிக்காரர் திங்கள் வாங்கிப் போய் செவ்வாய் சாயந்திரம் கொண்டுவருவார். திங்களுக்கும் செவ்வாய்க்கும் தனியாக இரண்டு செட் வேண்டும், ஆக ஏழு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தால் எட்டு.

புதன் இரவு போட்டால்? திங்கள் முதல் புதன் வரை உடுத்திய மூன்றும் வியாழன் காய்ந்து, வெள்ளி இஸ்திரிக்குப் போய், அடுத்த திங்களுக்குத் தயார். மழையில் ஒரு நாள் தாமதித்தாலும் சமாளிக்கலாம். வியாழன், வெள்ளி உடுத்தியவை சனி மெஷினுக்குள் போகும். அடுத்த வியாழன்தான் அவற்றுக்கு வேலை. ஐந்தே செட்டில் வண்டி ஓடுகிறது.

இரண்டு செட் வித்தியாசம், இரண்டு பிள்ளைகள், ஆக நாலு செட். தையல் கூலியோடு ஒரு செட் 1,000 ரூபாயைத் தொடுகிறது. அடுத்த ஜூனில் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கும், விற்கவும் முடியாது. அதாவது வருடா வருடம் 4,000 ரூபாய், சோம்பலுக்கு வாடகை.

இதற்கு எதிர்ப்பக்கம் கூடுதல் தண்ணீர். ஒரு தடவைக்கு 100 லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 5,200 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பாதிகூட இல்லை. அரை டிரம்முக்கு மெஷின் தண்ணீரைக் குறைத்தே எடுக்கும், உண்மைக் கணக்கு இன்னும் கீழே. பிரன்ட் லோடு என்றால் அதைவிடக் குறைவு என்கிறார்கள். நான் வைத்திருந்ததில்லை, தங்கை வீட்டில் பார்த்ததோடு சரி.

காலர் சமாச்சாரமும் உண்டு. வியர்வையோடு ஒரு வாரம் கிடந்த வெள்ளைச் சட்டையின் காலர் மஞ்சளாகிவிடும், பிரஷ் போட்டுத் தேய்த்தால் நூல் பிரியும். மழைக்காலத்தில் ஈரத் துண்டு கூடைக்குள் போய்விட்டால் கரும்புள்ளி விழும், அது லேசில் போகாது.

ஆனால் 2019 போல ஒரு வருடம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த அந்த நாட்களில் அழுக்கைச் சேர்த்து வைத்தவர்தான் புத்திசாலி. ஜீன்ஸ், போர்வை, திரைச்சீலை இவற்றை இப்போதும் நான் தள்ளித்தான் போடுகிறேன். சீருடையோ இஸ்திரியோ தேவைப்படாத தனி ஆளுக்கும் ஞாயிறு முறை நஷ்டமில்லை என்றே தோன்றுகிறது. கிலோ கணக்கில் வாங்கும் சலவைக் கடைக்குப் போடுகிறவர் மட்டும், அங்கே குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று கேட்டுவிட்டு எந்த நாளில் போடுவது என்று முடிவு செய்வது நல்லது.