பழைய நாலு கியர் பெட்டி: முழுதாக மாற்றலாமா, இரண்டை ஒன்றாக்கலாமா, கூட்டை வைத்துப் புதுப்பிக்கலாமா?

அம்பாசடரின் பழைய கியர்பாக்ஸ் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பம். பிரீமியர் பத்மினியுடையது ஃபியட் 1100 வழி வந்தது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுடையது ட்ரயம்ஃப் வழி. பிறந்த வீடு வேறானாலும் மூன்றின் உள்ளமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்: முன்னோக்கி நாலு கியர், அதில் இரண்டு, மூன்று, நாலுக்கு மட்டும் சிங்க்ரோ, அதாவது சுழலும் வேகங்களைச் சமப்படுத்தி கியர் சத்தமில்லாமல் விழச் செய்யும் அமைப்பு. முதல் கியருக்குக் கிடையாது. இந்தப் பெட்டிகள் கெட்டுப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டி சத்தம் போட்டால் மூன்று வழி உண்டு. சென்னையின் பழைய வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை மாதிரி இடத்தில் பழைய பெட்டி ஒன்றை வாங்கி அப்படியே மாட்டுவது முதல் வழி. இரண்டு பெட்டியைப் பிரித்து நல்லதை எல்லாம் ஒன்றில் சேர்ப்பது இரண்டாவது. பழைய பெட்டியில் கூடு (வெளி உறை), மெயின் ஷாஃப்ட் (சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு), பல் நன்றாயிருக்கும் கியர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, தேயும் பாகங்களை எல்லாம் புதிதாகப் போடுவது மூன்றாவது. எந்த வழியில் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது லே கியர், அதாவது பெட்டியின் அடியில் பல கியர்கள் ஒரே துண்டாகச் சேர்ந்திருக்கும் கொத்து.

லே கியர் சொல்லும் தீர்ப்பு

பிரிட்டிஷ் வழிப் பெட்டிகளில் (அம்பாசடர், ஹெரால்டு) கீழே கொத்தாக இருக்கும் லே கியர்தான் சுற்றும். அது உட்கார்ந்திருக்கும் லே ஷாஃப்ட் அசையாது. அதனால் பாரம் எப்போதும் ஷாஃப்டின் ஒரே பக்கத்தில் விழுகிறது, குழியும் அந்தப் பக்கத்தில்தான் விழும். மேலோட்டமாகப் பார்த்தால் பளபளவென்றிருக்கும். நகத்தால் சுற்றிலும் கீறிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் சொரசொரவென்று தட்டும்.

ஷாஃப்ட் போனால் பெரிய நஷ்டமில்லை, மாற்றிவிடலாம். லே கியரின் துளைதான் பயம். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் நீடில் ரோலர்கள் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள்) அந்தத் துளையின் சுவரிலேயே நேராக உருளும். துளையின் உள்ளே குழி விழுந்திருந்தால், வெளியே பற்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த லே கியர் இரும்புக்கடைக்குத்தான். விரலை உள்ளே விட்டு இரு முனைகளையும் தடவிப் பார்க்காமல் யாரும் காசு கொடுக்கக் கூடாது.

முழுப் பெட்டி: வேகம் உண்டு, நம்பிக்கை குறைவு

ஒரே நாளில் வேலை முடியும், பிரித்துக் கோக்கும் கூலி கிடையாது. வண்டி நாளைக்கே ஓட வேண்டுமென்றால் இதுதான். ஆனால் கடைத் தரையில் கிடக்கும் பெட்டி எந்த வண்டியிலிருந்து, எதனால் இறங்கியது என்று தெரியாது. எண்ணெய் வடிந்து வருஷக்கணக்கில் கிடந்த பெட்டிக்குள் ஈரம் இறங்கி, நல்ல நீடில் ரோலர்களையும் துரு தின்றிருக்கும்.

வாங்கும் இடத்திலேயே மூடியைக் கழற்றுங்கள். கழற்ற விடாத கடையில் வாங்காதீர்கள். அடியில் நிற்கும் எண்ணெயில் காந்தத்தை விட்டு எடுங்கள். சாம்பல் நிறச் சேறு ஒட்டினால் அது வயதுக்கேற்ற தேய்மானம். செதிலோ ஊசி மாதிரித் துண்டோ ஒட்டினால் ரோலர் அல்லது பல் உடைந்திருக்கிறது. எண்ணெயில் பித்தளைத் தூள் மின்னினால் சிங்க்ரோ ரிங்கோ புஷ்ஷோ கரைகிறது.

பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டு, இன்ஜின் பக்கமிருந்து வரும் இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். நாலாவதில் இன்புட் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்குப் பின்பக்க ஷாஃப்டில் சரியாக ஒரு சுற்று வர வேண்டும். முதல் கியரில் இன்புட் ஷாஃப்டின் நாலு சுற்றுக்குப் பின்பக்கம் ஏறக்குறைய ஒன்று வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கட்டை தட்டுவது போல் இருந்தால் ஏதோ ஒரு பல் போயிருக்கிறது.

இரண்டை ஒன்றாக்குவது

பெரும்பாலோர் ஆசைப்படும் வழி இது, தவறு அதிகம் நடப்பதும் இதில்தான். ஒன்றில் இரண்டாவது கியர் நன்றாயிருக்கிறது, மற்றொன்றில் லே கியர் நன்றாயிருக்கிறது, சேர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் எப்போதும் பிணைந்தே சுற்றும் இரண்டு கியர்கள் வருஷக்கணக்கில் ஒன்றையொன்று தேய்த்துப் பழகியவை. ஒன்றை மட்டும் பிரித்து வேறு ஜோடியில் சேர்த்தால் ஊளையிடும். மெல்லிய ஊளை சில ஆயிரம் கிலோமீட்டரில் அடங்கலாம். தேய்மானம் மிகவும் மாறுபட்டிருந்தால் பல்லின் மேல்தோல் உரிய ஆரம்பிக்கும்.

ஆகவே கலக்க வேண்டுமானால் குடும்பமாகக் கலக்குங்கள். லே கியர், அதோடு பிணையும் இன்புட் ஷாஃப்ட், இரண்டாவது, மூன்றாவது கியர் ஆகிய நாலும் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும். மற்றப் பெட்டியிலிருந்து கூடு, ஃபோர்க் (கியர் மாற்றும்போது ஸ்லீவைத் தள்ளும் கவை), அதைத் தாங்கும் செலக்டர் ராடு, பின் மூடி எடுத்துக்கொள்ளலாம். ஒரே மாடலிலேயே காலப்போக்கில் பல் எண்ணிக்கை மாறியிருக்கலாம் என்பதால், இரு பெட்டியின் இன்புட் ஷாஃப்டிலும் லே கியரிலும் பல்லை எண்ணி எழுதிக்கொண்ட பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்.

மெயின் ஷாஃப்டில் உட்கார்ந்திருக்கும் சிங்க்ரோ ஹப்பும், கியரைப் பிடிக்க அதன் மேல் ஓடும் வளையமான ஸ்லீவும் கூட ஒரே ஜோடிதான். கழற்றுமுன் இரண்டின் மேலும் ஒரு புள்ளி குத்திக்கொள்ளுங்கள். ஸ்லீவை உருவும்போது உள்ளிருக்கும் ஸ்பிரிங்கும் குண்டும் பட்டறையின் மூலைக்குப் பறக்கும், துணியைச் சுற்றியபடியே உருவுங்கள். செலக்டர் ராடுகளின் குண்டுகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

பிரிட்டிஷ் வழிப் பெட்டிகளில் இன்னொரு சிக்கல். முதல் கியரின் நேர்ப் பல், முதல், இரண்டாவது கியருக்கான ஸ்லீவின் வெளிச்சுற்றிலேயே வெட்டப்பட்டிருக்கும். வண்டி உருளும்போதே முதல் கியரை அழுத்திப் போட்ட ஓட்டுநர்களின் கைங்கரியம் அங்கே தெரியும்: பல்லின் முனை சிதைந்து, லே கியரின் முதல் பல்வரிசையும் சேர்ந்து போயிருக்கும். முனை லேசாக மழுங்கியிருந்தால் பயன்படுத்தலாம். பல்லின் நீளத்தில் கால்வாசிக்கு மேல் உடைந்திருந்தால் ஸ்லீவும் ஹப்பும் சேர்ந்தே கழிவு. இரண்டு பெட்டி வாங்கியும் ஒன்று கூடத் தேறாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

கூட்டை வைத்துப் புதுப்பிப்பது

செலவு அதிகம், நாளும் அதிகம். இருந்தும் வண்டியை வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுவே. பேரிங், லே ஷாஃப்ட், நீடில் ரோலர், த்ரஸ்ட் வாஷர் (லே கியரின் முனைகளில் வரும் தட்டை வளையம்), சிங்க்ரோ ரிங், ஸ்பிரிங், சீல், கேஸ்கெட் ஆகியவை எந்தப் பழைய பெட்டியிலிருந்தும் வரக் கூடாது. பேரிங்கைக் கையில் சுழற்றிப் பார்த்து நல்லது என்று சொல்வது ஏமாற்று. வெளியே இழுத்தபோது குண்டுகளின் வழியாகவே அடி போயிருக்கும்.

சிங்க்ரோ ரிங்கை கியரின் கூம்பில் கையால் அழுத்தி, ரிங்குக்கும் கியரின் சிறு பற்களுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகளால்) அளக்கலாம். புதிதில் சுமார் 1 மி.மீ. இருக்கும். அரை மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் கியர் மாற்றும்போது கறகறக்கும். ரிங்கை மாற்றியும் கறகறத்தால் கூம்பே தேய்ந்திருக்கிறது.

லே ஷாஃப்ட் கடையில் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் செய்யலாம். சாதாரண மைல்டு ஸ்டீல் ராடில் கடைந்தது சில மாதங்களில் குழி விழும். இஎன் 36 மாதிரியான உருக்கில் கடைந்து, மேல்தோலைக் கார்பன் ஏற்றிக் கெட்டியாக்கி, கடைசியில் கிரைண்டிங் செய்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கடினம் ராக்வெல் சி 58 முதல் 62 வரை இருக்கட்டும். குழி விழுந்த பழைய ஷாஃப்டைத் தேய்த்துச் சிறிதாக்கிப் பெரிய ரோலர் போடுவதும் வேண்டாம். கெட்டித்தோல் ஏறக்குறைய ஒரு மி.மீ.தான், அதைத் தேய்த்தால் அடியில் இருப்பது மெது உருக்கு.

கோக்கும்போது லே ஷாஃப்டைவிட நூலளவு மெலிந்த, லே கியரின் நீளமே உள்ள போலி ஷாஃப்ட் ஒன்று வேண்டும். கிரீஸ் தடவி ரோலர்களை அடுக்கி, போலியை உள்ளே விட்டுக் கூட்டின் அடியில் கிடத்துங்கள். மெயின் ஷாஃப்டும் இன்புட் ஷாஃப்டும் ஏறிய பிறகு லே கியரைத் தூக்கி, உண்மையான ஷாஃப்டால் போலியை வெளியே தள்ளுங்கள். பி-சீரிஸ் பெட்டியில் லே கியரின் எண்ட் ப்ளே (முன்பின் அசைவு) 2 முதல் 3 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.05 முதல் 0.08 மி.மீ. வெவ்வேறு தடிமனில் த்ரஸ்ட் வாஷர் போட்டுச் சரிசெய்யலாம்.

கூட்டில் வெடிப்பு பார்க்க மண்ணெண்ணெய் போதும். நன்றாகக் கழுவி, சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விட்டு, துடைத்துச் சுண்ணாம்புத் தூளைப் பூசுங்கள். வெடிப்பிருந்தால் ஈரக்கோடு எழும். லே ஷாஃப்ட் துளையைச் சுற்றியும் போல்ட் காதுகளிலும் அவசியம் பாருங்கள்.

கியர் தானாக நழுவும் பெட்டியை உடனே ஒதுக்க வேண்டாம். முதலில் செலக்டர் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், அது விலை குறைந்த மருந்து. பிறகு ஃபோர்க்கின் முனைத் தேய்மானத்தைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, கியரின் சிறு பற்கள் ஓரம் உருண்டிருந்தால்தான் கியரும் ஸ்லீவும் மாற வேண்டும்.

எடுத்து வைப்பது

பெட்டி தேறாவிட்டாலும் பின் மூடி, ஃபோர்க், செலக்டர் ராடு, ரிவர்ஸ் ஐட்லர் (வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தும் இடைக் கியர்), ஸ்பீடாமீட்டர் கியர் ஜோடி இவற்றை விட்டுவிடாதீர்கள். வெளியே தேடினால் கிடைக்காதவை இவைதான். போல்ட்டுகளையும் வைத்திருங்கள்: ஹெரால்டில் அங்குல மரை, 5/16 போல்ட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர். பத்மினியில் மெட்ரிக் மரை, 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 ஸ்பேனர். மாற்றிப் போட்டால் அலுமினிய மூடியின் மரை போய்விடும். கழுவி உலர்த்திய கியர்களில் எண்ணெய் தடவி, எந்தப் பெட்டி, எத்தனை பல் என்று எழுதிய அட்டையோடு கம்பியில் கோத்து, ஜோடி பிரியாமல் தொங்கவிடுங்கள்.