டிரெய்லர் பிரேக்கும் ஒயரிங்கும்: நான்கு வருட அனுபவம்

ஹூஸ்டனில் இருந்து கார்னர் ஸ்டேட் பார்க் போகிற வழியில், மேட்டு நிலம் ஆரம்பிக்கிற ஒரு இறக்கத்தில்தான் முதல் முறை அது நடந்தது. டிரெய்லர் பிரேக்கை பிக்கப்பில் இருந்து இயக்குகிற பிரேக் கன்ட்ரோலரின் திரையில் ஷார்ட் (கரண்ட் தவறான வழியில் பாய்கிறது) என்று ஒரு எச்சரிக்கை வந்து ஒரே நொடியில் மறைந்தது. அந்த ஒரு நொடியில் பின்னால் இருந்த 6,500 பவுண்டு டிரெய்லர், அதாவது ஏறக்குறைய மூன்று டன், எங்கள் பிக்கப்பை முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் தள்ளியது. பின் சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். அன்று இரவே இதை முழுசாகப் புரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

என்னிடம் இருப்பது ‘அரை டன்’ என்று சொல்கிற வகை பிக்கப், இரண்டு ஆக்ஸில் டிரெய்லர், நான்கு சக்கரத்திலும் 10 அங்குல எலெக்ட்ரிக் டிரம் பிரேக். கன்ட்ரோலர் டெகோன்ஷா ப்ராடிஜி பி3. டெக்சாஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். சட்டமே இல்லாவிட்டாலும் இந்த எடையை பிக்கப்பின் பிரேக்கை மட்டும் நம்பி இழுக்க எனக்குத் துணிச்சல் கிடையாது.

இது வேலை செய்கிற விதம் தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். பிக்கப் வேகம் குறைவதை கன்ட்ரோலர் உணர்ந்து, அதற்கேற்ற அளவு மின்சாரத்தை நீல ஒயர் வழியாகப் பின்னால் அனுப்புகிறது. ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு மேக்னெட். கரண்ட் வந்ததும் அது சுற்றுகிற டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொண்டு, அந்தச் சுற்றோடு இழுபட்டு, ஒரு கையை நகர்த்தி ஷூக்களை, அதாவது பிரேக் கட்டைகளை, டிரம்மோடு உரசும்படி விரிக்கிறது. அவ்வளவுதான். எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிற ஹைட்ராலிக் எதுவும் இல்லை, அதனால் ஒயரில் வருகிற சின்னக் குறைகூட பிரேக் பலத்தில் நேராகத் தெரியும்.

முதலில் ஒரு கடைக்குப் போனேன். டிரெய்லருக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் கன்ட்ரோலரை மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நண்பர் ஒருவரின் கன்ட்ரோலரைக் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தேன், அதிலும் அதே எச்சரிக்கை. கோளாறு கன்ட்ரோலருக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது என்பது அதிலேயே உறுதியானது.

வீட்டு வாசலில் டிரெய்லரை நிறுத்தி, மனைவியை பிக்கப்பில் உட்காரச் சொல்லி கன்ட்ரோலரின் மேனுவல் லீவரை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். நான் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் மண்டியிட்டுக் காதை வைத்தேன். இந்த வகை கன்ட்ரோலர்கள் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்புவதால் மேக்னெட்டில் இருந்து ‘ம்ம்ம்’ என்று வண்டு முரல்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். மூன்று சக்கரத்தில் வந்தது. வலது பின் சக்கரம் மௌனம். திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனால் மற்ற மூன்றிலும் முள் திரும்பியது, இதில் அசையவே இல்லை. இந்த அளவு மேக்னெட் ஒன்று சுமார் 3 ஆம்பியர் எடுக்கும், நான்குக்கும் சேர்த்து 12 வர வேண்டும். நீல ஒயரில் மீட்டர் வைத்தால் 9தான் வந்தது. டிரம்மைக் கழற்றினேன். மேக்னெட்டின் ஒயர் உள்ளே அறுந்திருந்தது. அந்த ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் புது மேக்னெட் போட்டேன், மீட்டர் 12 காட்டியது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த பயணத்தில் ஒரு ரயில்வே கிராஸிங்கில் ஏறி இறங்கியபோது அதே ஷார்ட் எச்சரிக்கை. யோசித்தால் நியாயம்தான், அறுந்த ஒயர் கரண்டைக் குறைக்கும், ஷார்ட் காட்டாது. ஆக இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒரே சமயத்தில் இருந்திருக்கின்றன, நான் ஒன்றைச் சரி செய்துவிட்டு இரண்டும் சரியானதாக எடுத்துக்கொண்டேன்.

மேடு பள்ளத்தில் மட்டும் வருகிற ஷார்ட் என்றால் எங்கோ ஒரு ஒயர் ஆடி உரசுகிறது என்று அர்த்தம். இடது பிரேக்கில் இருந்து வலது பிரேக்குக்குப் போகிற ஒயரைப் பல டிரெய்லர்களில் ஆக்ஸில் குழாய்க்குள் விட்டுத்தான் இழுத்திருப்பார்கள். உள்ளே அதைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. ஓடுகிற ஒவ்வொரு மைலுக்கும் அது குழாயின் உள்சுவரிலும் துளையின் விளிம்பிலும் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு முனையைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தேன். துளை விளிம்பு பட்ட இடத்தில் இன்சுலேஷன் நகத்தால் சுரண்டின மாதிரி ஒரு விரற்கடை நீளத்துக்குப் போய், செம்பு பளபளவென்று தெரிந்தது, நடுவில் கருகின புள்ளிகள் இரண்டு மூன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். இறக்கத்தில் எங்களைத் தள்ளியது இந்த ஒரு விரற்கடைதான்.

பழைய ஒயரை எடுத்துவிட்டு, 10 கேஜ் தடிமன் ஒயரை ஆக்ஸிலுக்கு வெளியே மேல்பக்கமாக, பாதுகாப்புக் குழாயில் போட்டு இறுக்கிக் கட்டினேன். ஒயரைக் கடித்துப் பிடிக்கிற நீலநிற கிளிப்புகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, ஒயர்களை கிரிம்ப் செய்து, அதாவது உலோகக் குழலில் நசுக்கி இணைத்து, சூட்டில் சுருங்குகிற பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டேன். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் ஷார்ட் ஒரு தடவைகூட வரவில்லை.

இரண்டாம் வருடம் வேறு மாதிரி. இடது இண்டிகேட்டர் போட்டால் பக்கவாட்டு விளக்குகளும் சேர்ந்து மங்கி மங்கி எரிந்தன, பிரேக்கும் கொஞ்சம் சோர்வாக இருந்தது. இப்படி ஒன்று போட்டால் இன்னொன்று ஆடுகிறதென்றால் முதலில் எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழியைப் பாருங்கள். திரும்பி வர வழி கிடைக்காத கரண்ட் மற்ற விளக்குகள் வழியாகப் புகுந்து போகப் பார்க்கும். டிரெய்லரின் முன்பக்கச் சட்டத்தில் வெள்ளை ஒயரை ஒரே ஒரு ஸ்குரூவில் இறுக்கியிருந்தார்கள், அது முழுக்கத் துரு, ஒயர் நுனியில் பச்சைக் களிம்பு.

மீட்டரை வைத்துச் சும்மா அளந்தால் 12.6 வோல்ட் அழகாகக் காட்டும், அதில் ஏமாறாதீர்கள். லோடு கொடுத்து, அதாவது கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். நான்கு மேக்னெட்டும் சேர்ந்து ஒரு ஓம் அளவுக்குத்தான் வரும். வழியில் ஒரு மோசமான ஜாயின்ட்டில் கால் ஓம் எதிர்ப்பு இருந்தாலே ஐந்தில் ஒரு பங்கு வோல்டேஜ் அங்கேயே செத்துப்போகும். பிரேக்கை அழுத்திய நிலையில் டிரெய்லர் பக்க எர்த்துக்கும் பிக்கப் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவில் அளந்தபோது எனக்கு 1.4 வோல்ட் வந்தது. துருவைச் சுரண்டி, ஒயர் முனைக்குப் புது லக் (உலோக வளையம்) போட்டு, போல்ட்டில் இறுக்கிய பிறகு 0.2. டிரெய்லரைக் கோக்கிற ஹிட்ச் பந்து வழியாக எர்த் கிடைத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், கிரீஸும் துருவும் உள்ள அந்தத் தொடுப்பை நம்பி மூன்று டன்னை இழுக்காதீர்கள்.

மூன்றாம் வருடம் ஒயரிங் தொல்லை இல்லை. ஆனால் ஒரு டிரம் மட்டும் சூடே ஆகவில்லை. நாலைந்து முறை பிரேக் போட்டுவிட்டு இறங்கி இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு டிரம்மையும் பார்ப்பது என் வழக்கம், அதில்தான் பிடிபட்டது. திறந்தால் ஷூ முழுக்க கிரீஸ். சக்கர பேரிங்குக்காக நிப்பிள் வழியாக நான் வேகமாகப் பம்ப் செய்த கிரீஸ் பின் சீலைத் தாண்டி டிரம்முக்குள் போயிருக்கிறது. கிரீஸ் ஊறிய ஷூவைக் கழுவிப் பயன்படுத்துவது ஆபத்து, மாற்றிவிட்டேன். புது ஷூ போட்டால் அப்படியே ஊருக்குக் கிளம்பிவிடக் கூடாது. 40 மைல் வேகத்தில் இருந்து 20க்கு, இடையில் ஆற விட்டு, இருபது முப்பது தடவை பிரேக் போட்டுப் பழக்கினால்தான் முழுப் பிடிப்பு வரும்.

இன்னொன்று, பிரேக்அவே சுவிட்ச். டிரெய்லர் கழன்று போனால் கேபிள் பின்னை இழுத்து, டிரெய்லரின் சொந்த பேட்டரியில் இருந்தே பிரேக்கைப் பூட்டுகிற அமைப்பு அது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பிக்கப்போடு டிரெய்லர் ஒயர்களை இணைக்கிற ஏழு பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, சுவிட்சின் பின்னை இழுத்து, பிக்கப்பை மெல்ல நகர்த்திப் பார்க்கிறேன். சக்கரங்கள் பூட்டிக்கொள்ள வேண்டும். பிளக்கைக் கழற்றாமல் இதைச் செய்தால் கன்ட்ரோலருக்கே கேடு வரலாம். பார்த்ததும் பின்னை உடனே திரும்பச் சொருகிவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியும் தீரும், மேக்னெட்டும் சூடாகும். அப்புறம், பிளக்கில் வேலை செய்யும்போது ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். முன்பு கை வைத்தவர் என்ன நிறம் போட்டாரோ தெரியாது, எந்த பின்னில் என்ன வருகிறது என்று அளந்துவிட்டு இணையுங்கள்.

போன மாதம் லீக்கி ஊர்ப் பக்கம் 337ஆம் சாலையில் இறங்கினோம், வளைவும் சரிவுமாக விடாமல் போகிற சாலை. திரையில் வோல்ட் எண் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். டிரெய்லர் தன் பிரேக்கிலேயே வேகம் குறைத்தது, பிக்கப்பைத் தள்ளவில்லை. வீடு வந்து பிளக்கைக் கழற்றியபோது பிக்கப் பக்க சாக்கெட்டில் இரண்டு பின்களில் பச்சைக் களிம்பு தெரிந்தது. புது சாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன், வருகிற சனிக்கிழமை அந்த வேலை.